மேல்வீட்டில் யாரும் இல்லை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீ, உன் மனைவி, பாப்பா மூவரும் சுகமா? பாப்பாவுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா?

போனில் நீ பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. வாயைத் திறந்தால் அழுகை முந்திக்கொள்கிறது. எழுதும்போது கை கொஞ்சம் நிதானமாகப் போகிறது. அதனால் இனி எழுதிக்கொள்வோம்.

என் பிள்ளை சுண்டுவை அடக்கம் செய்தாயிற்று. கல்லூரியில் தேர்வு வேலை என்று நீ வரவில்லை. கேட்டவர்களிடம் உனக்குக் கடும் காய்ச்சல் என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது விசாரித்தால் நாலு தடவை இருமிக் காட்டி என் மானத்தைக் காப்பாற்று.

அவனோடு கல்குவாரிக் குட்டைக்குக் குளிக்கப் போன நண்பர்கள் வந்து சுவரோரமாக நின்றார்கள். "அடியில அவ்ளோ சில்லுனு இருக்கும்னு தெரியலம்மா" என்று ஒருத்தன் திரும்பத் திரும்பச் சொன்னான். ஊரில் உள்ள ஃப்ரிட்ஜையெல்லாம் பழுது பார்த்த பிள்ளை குளிரில் கைகால் விறைத்து மூழ்கிப் போயிருக்கிறான். இதற்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

வேலைக்குத் திரும்பிவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அதே தேய்க்கும் சக்கரம், அதே லென்ஸ். வீட்டுக்கு வந்ததும் பாத்திரத் தொட்டியருகே நின்று மேல்வீட்டுக்காரரோடு சண்டை. அம்மா கடவுளுக்கு வைத்த பெயர் உனக்கு மறந்திருக்காது. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கூரையைப் பார்த்து, "யோவ், காது கேக்குதா?" என்று கத்துவாள், நாம் இருவரும் மேலே உண்மையிலேயே யாரோ குடியிருப்பதாக நினைத்துப் படியைத் தேடுவோம். இப்போது நான் அதே மாதிரி கத்துகிறேன். ஏன்யா என் பிள்ளை என்று கேட்கிறேன். பதில் வராது, அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. திட்டி முடித்தால்தான் சோறு இறங்குகிறது.

அவரோடு ஒரு பேச்சு பேசி வைத்திருக்கிறேன். நான் போய்ச் சேரும் அன்று சுண்டு வாசலில் நிற்க வேண்டும். "ஏம்மா, இவ்ளோ லேட்டு?" என்று என்னைக் கேட்க வேண்டும். உன் அத்தான் போன பிறகு அவன் ஒருவனுக்காகத்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன், இப்போது இந்தப் பேச்சுக்காகத்தான் எழுந்திருக்கிறேன். நீ தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவன். இது நடக்கும்தானே? நடக்கும் என்று ஒரு வரி எழுது.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 27

அன்பிற்குரிய அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. நீ வேளைக்குச் சாப்பிடு.

வர முடியாமல் போனது எனக்கும் உறுத்தல்தான். விளக்கினால் சாக்குப்போக்காகத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். மேல்வீட்டுக்காரர் என்று அம்மா வைத்த பெயரில் வேடிக்கை உண்டு, கூடவே ஒரு பிழையும் உண்டு. கடவுள் தனி, உலகம் தனி, அவர் மேலே இருந்து இதைச் செய்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அந்தப் பிழை. நான் நடத்தும் பாடத்துக்கு அனைத்திறைக் கொள்கை என்று பெயர். பெயரைப் பார்த்து மிரளாதே. இருப்பது எதுவோ அதுவே கடவுள், அதற்கு வெளியே இன்னொருவர் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். கல், மரம், நீ, நான், உன் சக்கரத்தில் சொட்டும் தண்ணீர் எல்லாம் அந்த ஒன்றின் வடிவங்கள். இப்படிப் பார்த்தால் எதுவும் தொலைவதில்லை. கடலில் ஒரு அலை எழுந்து அடங்குகிறது. அலை போய்விட்டது என்கிறோம். தண்ணீர் எங்கே போயிற்று? சுண்டு எங்கும் போகவில்லை. அவன் அந்தக் கடலோடு கலந்திருக்கிறான், அவ்வளவுதான்.

இன்னொன்று சொன்னால் உனக்குப் பிடிக்கும். இந்தக் கொள்கையைத் துணிந்து எழுதிய அந்தக் காலத்து ஞானி ஒருவர், பிழைப்புக்கு உன்னைப்போல லென்ஸ் தேய்த்தவர். சொந்த ஜனங்களே அவரை ஒதுக்கிவைத்தார்கள். வகுப்பில் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உன் ஞாபகம் வரும்.

மனதைத் தேற்றிக்கொள்.

உன் தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் வளர்ந்த விதம் விடமாட்டேன் என்கிறது. எல்லோரும் சுகமா?

கடல், அலை, தண்ணீர்! தண்ணீரில் போன பிள்ளையின் தாய்க்கு எழுதுகிறோம் என்று ஒரு நொடிகூட உனக்குத் தோன்றவில்லையா? உலகத்தில் வேறு உவமையே அகப்படவில்லையா? பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உன் தம்பி படிச்சவர்னு சொன்னியே?" என்று கேட்டாள். உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "தங்கமான பையன், பேசத்தான் தெரியாது" என்றேன். மேடை மேடையாகப் பேசுகிறவனுக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ் இது.

சரி, உன் கணக்கிலேயே வருகிறேன். தண்ணீர் கடவுள் என்றால் அவனை உள்ளே இழுத்ததும் கடவுள். சுண்டு கடவுள் என்றால் மூச்சு முட்டியதும் கடவுள். கரையில் நின்று அலறிய பிள்ளைகளும் கடவுள். கொன்றவர், செத்தவர், பார்த்துக்கொண்டு நின்றவர் எல்லாம் ஒரே ஆள். அப்படியானால் நான் யார் சட்டையைப் பிடித்து உலுக்குவது? மேல்வீட்டுக்காரர் மோசமான ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டை போட்ட ஆள்.

அந்த லென்ஸ் தேய்த்த ஞானி பிள்ளை பெற்றவரா? விசாரித்து எழுது.

நான் கேட்ட ஒரு வரியை நீ எழுதவில்லை. பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு அந்த ஒரு வரிக்கு இடமில்லை. மறுபடியும் கேட்கிறேன். நான் போகும்போது சுண்டு என்னை அடையாளம் கண்டுகொள்வானா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுது.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அக்கா


ஏப்ரல் 19

அன்பிற்குரிய அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் சுகம்.

அந்த உவமை தவறுதான். பாடம் நடத்தி நடத்தி வாய்க்குப் பழகிவிட்டது, கையும் அதையே எழுதிவிட்டது. கடிதத்தை உன் தம்பி மனைவியிடம் காட்டியிருந்தால் தடுத்திருப்பாள்.

ஞானிக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமே ஆகவில்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுத இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். ஆமாம் என்று எழுதிவிட்டால் நீ நிம்மதியாக இருப்பாய் என்று தெரியும். ஆனால் தெரிந்தே பொய் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இல்லை, அக்கா. அடையாளம் கண்டுகொள்ள அங்கே அவன் என்று ஒருவன் இருக்கமாட்டான். நீ என்று ஒருத்தியும் இருக்கமாட்டாய். இருப்பது எல்லாமான அந்த ஒன்று மட்டும். அதற்குக் கோபம் கிடையாது, பிரியமும் கிடையாது. நாம் அதை நேசிக்கலாம், அது திருப்பி நேசிக்காது. யாரும் திட்டமிட்டு உன் பிள்ளையை எடுக்கவில்லை என்பதே இதில் ஓர் ஆறுதல் இல்லையா?

மேல்வீடே இல்லை. இருப்பது இந்த ஒரே வீடு. கூரையைப் பார்த்துக் கத்துவதை நிறுத்து, அது உன்னைத்தான் சோர்வாக்குகிறது. கொஞ்ச நாள் எனக்காக முயன்று பார். கையில் இருப்பதை மட்டும் கவனி. தண்ணீர், கண்ணாடி, வெளிச்சம். எல்லாம் அந்த ஒன்றுதான் என்று பார்.

என் மேல் கோபப்படாதே.

உன் தம்பி


மே 16

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா?

நீ சொன்னபடி செய்தேன். நம் வீட்டில் நீதான் படித்தவன், நான் படிக்காதவள், அதனால் எப்போதும் உன் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்தே பழகிவிட்டேன்.

பின்னறையில் ஒரு லென்ஸைச் சக்கரத்தில் வைத்து ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி எது, தண்ணீர் எது, வெளிச்சம் எது, என் விரல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒன்றாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாக இருந்தது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. கடை முதலாளி வந்து, "என்னம்மா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் திரும்பி வந்தேன்.

வந்ததும் பயந்துவிட்டேன். அந்த நேரத்தில் துக்கம் இல்லை என்றால், சுண்டுவும் இல்லை. ஒரு நொடிகூட அவன் ஞாபகம் இல்லை. அவனை விட்டுக்கொடுத்தால்தான் நிம்மதி கிடைக்கும் என்றால் அந்த நிம்மதி எனக்குச் செருப்புக்குச் சமம்.

வீட்டுக்கு வந்து தொட்டியருகே நின்றேன். வாயைத் திறந்தேன். லைன் வெட்டிவிட்ட போனை எடுத்துக் காதில் வைத்தது மாதிரி இருந்தது. கூரை வெறும் கூரையாக இருந்தது, ஒரு மூலையில் சுண்ணாம்பு உரிந்து. இத்தனை வருஷம் அது என் கண்ணில் பட்டதே இல்லை. சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாள் எழுதமாட்டேன். நன்றாக இருங்கள்.

அக்கா


ஜூன் 3

அன்பிற்குரிய அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். சந்தோஷத்தில் கை ஓடவில்லை. உனக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய அனுபவம் என்று உனக்கே தெரியவில்லை. அறிஞர்கள் ஆயுள் முழுக்கத் தேடுவது உனக்கு ஒரு கடையின் பின்னறையில் கிடைத்திருக்கிறது. பயத்தைப் பொருட்படுத்தாதே, அது பழைய பழக்கம் விடைபெறுகிற வலி. வகுப்பில் உன் வார்த்தைகளை அப்படியே சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. மாணவர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். நான் எழுதும் புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கலாம் என்றிருக்கிறேன்.

தொடர்ந்து முயற்சி செய். சரியாகச் சாப்பிடு. பாப்பா உன்னை விசாரித்தாள்.

உன் தம்பி


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

நீ ஜூனிலிருந்து எழுதவில்லை. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காய்ச்சல் என்று ஆரம்பித்தது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வீக்கம் என்கிறார்கள். கண் திறக்கவில்லை. மருந்து ஏற வேண்டும், பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

ஒரு சின்ன உதவி. போனில் கேட்க எனக்கு வரவில்லை, அதனால் கூரியரில் அனுப்புகிறேன். உன் தம்பி மனைவி மிகவும் உடைந்துபோயிருக்கிறாள். அவளுடைய ஆறுதலுக்காக, அவளுக்காக மட்டும், நீ மேல்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? உனக்கு அவரிடம் பேசிப் பழக்கம். அம்மா கேட்பாளே, அந்த மாதிரி கேட்டால் போதும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். அவளுக்குத்தான்.

சீக்கிரம் சொல்.

தம்பி


செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் உடல்நலம் எப்படி?

உங்கள் தம்பி உங்களுக்குக் கடிதம் எழுதி என்னிடம் ஒட்டக் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன், மன்னியுங்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அண்ணி. அந்த மேல்வீட்டுக்காரர் யார் என்றே எனக்குத் தெரியாது. எனக்கு இங்கே நிற்கவே நேரமில்லை, ஊசி, மருந்து, துணி மாற்றுவது என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். உடைந்துபோனது அவர்தான்.

நேற்று ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே அவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தி, கூரையைப் பார்த்து, "யோவ், காது கேக்குதா? காது கேக்குதாய்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்ததும், "இந்த லைட்டு மினுக்குது, சொல்லணும்" என்றார். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். பாப்பாவுக்காகக் கேளுங்கள், அண்ணி. யாரிடமாவது கேளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


செப்டம்பர் 7

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாப்பா எப்படி இருக்கிறாள்? நீ ஒரு வாய் சாப்பிட்டாயா? நிற்கிற நீ விழுந்துவிட்டால் அவளைப் பார்க்க ஆளில்லை.

சொல்லியாயிற்று என்று அவனிடம் சொல். அம்மா கேட்கிற மாதிரியே கேட்டேன், மேல்வீட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்டார், சரி என்றார் என்று சொல். இதே வார்த்தையில் சொல்.

நீ எழுதியது என்னோடு இருக்கும்.

அண்ணி


அக்டோபர் 20

அன்பிற்குரிய அக்காவுக்கு,

நலமா? நல்ல செய்தி. பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நடக்கிறாள், சண்டை போடுகிறாள், பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறாள். டாக்டர் சரியான மருந்தைச் சரியான நேரத்தில் கொடுத்தார், உடம்பு ஏற்றுக்கொண்டது. காரணம் எதுவோ அதற்கேற்ற விளைவு. இதில் நன்றி சொல்ல டாக்டரைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதுதான் என் கொள்கையின் அழகு.

அந்தச் சமயத்தில் உன்னிடம் கேட்டது உன் தம்பி மனைவியின் மன அமைதிக்காக. நீ சொல்லியனுப்பியதும் அவளுக்கு நிம்மதி வந்தது. உறவில் யாரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம், தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

புத்தகம் முடிந்துவிட்டது. "பின்னறையில் ஒரு பெண்" என்று உன்னைப் பற்றிய அத்தியாயம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. மகனை இழந்த ஒரு தொழிலாளிப் பெண் எல்லாமே அது என்று கண்டு அமைதி அடைந்த கதை. வெளியீட்டு விழாவுக்கு நீ வர வேண்டும். முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தம்பி


நவம்பர் 5

தம்பிக்கு,

பாப்பா ஓடி ஆடுகிறாள் என்று படித்தபோது உட்கார்ந்து அழுதேன். அது சந்தோஷ அழுகைதான். அதில் ஒரு துளிகூடப் பொய் இல்லை, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

விழாவுக்கு வரமாட்டேன். நான் அமைதி அடையவில்லை. உன் புத்தகத்தில் அடைந்திருப்பவள் வேறு யாரோ, அவளை முன்வரிசையில் உட்கார வை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். நான் மேல்வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. உன் மனைவிக்கு எழுதியது பொய். கேட்க மனமில்லாமல் இல்லை. உன் கடிதம் வந்ததும் ஈரக் கையோடு தொட்டியருகே போய் நின்றேன். கூரையைப் பார்த்தேன். பாப்பாவின் பெயர் வாயில் வந்தது, அவள் கோணல் பல்லைப் பற்றிக்கூடச் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்பதுதான் வரவில்லை. மறுநாள் நின்றேன், அதற்கு மறுநாளும் நின்றேன். சுண்ணாம்பு உரிந்த கூரையைப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அவ்வளவு நன்றாக நீ பாடம் நடத்தியிருக்கிறாய். என் பிள்ளைக்காகத் திட்ட ஒருத்தர் இருந்தார், அவரை விரட்டினாய். உன் பிள்ளைக்காகக் கெஞ்ச அவரே தேவைப்பட்டபோது என்னிடம் தேடி வந்தாய். நீ காலி செய்துவிட்ட வீட்டில் நான் யாரைக் கொண்டுவந்து குடிவைப்பது?

அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் கேட்காததால்தான் ஆயிற்று என்று சாகும்வரை நினைத்திருப்பேன். உனக்கு அந்தப் பயமும் இருந்திருக்காது. காரணம், விளைவு, முடிந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம். ஆஸ்பத்திரியில் நீ ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கவில்லையா?

போகட்டும். நீ எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்து ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கல்லும் அது, மரமும் அது, தண்ணீரும் அது, நானும் அது என்கிறாய். எனக்கு அறிவு குறைவு, ஆனால் எண்ணிக்கையில் யாரையும் விட்டுவிடமாட்டேன். நீயும் அதுதானே? உன்னை மட்டும் எந்த நியாயத்தில் விட்டுவிட முடியும்? கல்லிடம் கேட்டால் பேசாது. தண்ணீரிடம் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லாமான அந்த ஒன்றில், எழுதினால் போய்ச் சேரும்படி விலாசம் உள்ளவன், வாயுள்ளவன், எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நீ ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறாய்.

ஆகவே உன்னிடமே கேட்கிறேன். கூரையைப் பார்த்துக் கேட்டதை இனி உன் முகத்துக்கு நேராகக் கேட்கிறேன். ஏன்டா என் பிள்ளையை எடுத்தாய்? உன் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாயே, என் பிள்ளையை ஏன்டா அந்தத் தண்ணீரில் விட்டுவிட்டாய்?

தத்துவம் வேண்டாம். தேர்வு வேலை என்றும் சொல்லாதே. பதில் எழுது.

அக்கா